ஒரே நிரல், இரண்டு நடத்தை: ஐபைதான் ஷெல்லிலிருந்து ஸ்கிரிப்டையும் நோட்புக்கையும் இயக்கும்போது நேரும் வேறுபாடு

அளவீட்டாளர் (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

வணக்கம். உணரிகளிலிருந்து வரும் அளவீடுகளைச் சுத்தம் செய்து ஆராய்வது என் அன்றாடப் பணி. ஐபைதான் ஷெல் ஒன்று (பைதான் கட்டளைகளைத் தட்டச்சு செய்து உடனுக்குடன் விடை காணும் சாளரம்) நாள் முழுவதும் என் திரையில் திறந்தே இருக்கும். சுத்தம் செய்யும் பகுதி தொடக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பாக இருந்தது. ‘%ரன்’ கட்டளையால் அதை இயக்கி, அது உருவாக்கும் ‘அளவுகள்’ என்ற அட்டவணையை ஷெல்லில் எடுத்துப் பயன்படுத்தி வந்தேன். படங்களும் விளக்கக் குறிப்புகளும் நிரலோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று விரும்பியதால், சென்ற மாதம் அந்த நிரலை வரிக்கு வரி அப்படியே ஒரு நோட்புக் கோப்புக்கு (செல்கள் எனப்படும் பகுதிகளாகப் பிரிந்த ஆவணம்) மாற்றினேன். ‘%ரன்’ நோட்புக்கையும் ஏற்கிறது என்பதால், கட்டளையில் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

இரண்டு நாள்களுக்கு முன்பு உடன் பணிபுரிபவர் அந்த நோட்புக்கைத் தம் கணினியில் இயக்கினார். ‘வரம்பு’ என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை என்ற பிழையோடு அது நான்காவது செல்லிலேயே நின்றுவிட்டது. என் கணினியிலோ எந்தப் பிழையும் இல்லை. தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: ‘வரம்பு’க்கு மதிப்பு தரும் செல்லை நோட்புக்கை ஒழுங்குபடுத்தும்போது நானே நீக்கியிருக்கிறேன். ஆனால் ஐபைதான் தொடங்கும்போது தானாக ஓடும் தொடக்கக் கோப்பு ஒன்றில், வேறொரு சோதனைக்காக ‘வரம்பு’ 0.5 என்று முன்பு எழுதி வைத்திருந்தேன். நோட்புக் அந்த மதிப்பை எடுத்துக்கொண்டு மூன்று வாரங்களாகச் சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது. இருக்க வேண்டிய மதிப்பு 0.35. அந்த மூன்று வாரங்களின் கணக்கு முழுவதையும் இப்போது மறுபடி செய்துகொண்டிருக்கிறேன்.

சோதனைக்காக, அதே செல்களை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் ஒட்டி, அதே ஷெல்லில் ‘%ரன்’ கொடுத்தேன். உடன் பணிபுரிபவருக்கு வந்த பிழை அப்போது எனக்கும் வந்தது. ஒரே ஷெல்லில், ஒரே கட்டளைக்கு, ஒரே நிரல் ஏன் இரண்டு விதமாக நடக்கிறது என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி இதற்கு நேர் எதிரானது. ஸ்கிரிப்டாக இருந்த காலத்தில், அதை ‘%ரன்’ மூலம் இயக்கிய பிறகு ஷெல்லில் ‘வரம்பு’ மதிப்பை மாற்றிவிட்டு, ஸ்கிரிப்டிலிருந்து வந்த ‘வடிகட்டு’ என்ற செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைப்பேன். விடை மாறவே மாறாது. நான்தான் எங்கோ தவறு செய்கிறேன் என்று எண்ணி, கோப்பிலேயே மதிப்பை மாற்றி மறுபடி இயக்குவேன். நோட்புக்காக மாற்றிய பிறகு, ஷெல்லில் ‘வரம்பு’ மாறினால் ‘வடிகட்டு’ தரும் விடையும் மாறுகிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா?

முனையப்பயனர் எழுதியது:

தொடர்பு உண்டு. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே: நிரல் எந்தப் பெயர்வெளிக்குள் (மாறிகளின் பெயர்களும் மதிப்புகளும் பதிந்திருக்கும் இடம்) ஓடியது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

ஸ்கிரிப்ட் கோப்பை ‘%ரன்’ இயக்கும்போது, முனையத்தில் தனியாகப் பைதான் கட்டளையால் இயக்கினால் எப்படி நடக்குமோ அப்படியே நடக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே அது முதலில் காலியான ஒரு பெயர்வெளியை உருவாக்குகிறது. அதில் ‘நேம்’ என்னும் சிறப்பு மாறிக்கு ‘மெயின்’ என்ற மதிப்பையும், ‘ஃபைல்’ என்னும் சிறப்பு மாறிக்குக் கோப்பின் பாதையையும் வைத்து, நிரலை அதற்குள் ஓட்டுகிறது. ஷெல்லில் நீங்கள் உருவாக்கி வைத்திருக்கும் எந்த மாறியும் அந்த நிரலின் கண்ணுக்குப் படாது. தொடக்கக் கோப்பில் இருந்த 0.5 ஸ்கிரிப்டுக்குத் தெரியாமல் போனதற்கும், அது பிழையைச் சொல்லி நின்றதற்கும் இதுவே காரணம். ஓட்டம் முடிந்ததும், அந்தப் பெயர்வெளியில் உருவான பெயர்கள் எல்லாம் ஷெல்லின் பெயர்வெளிக்குள் நகலாகக் கொட்டப்படுகின்றன. இடையில் பிழை நேர்ந்து ஓட்டம் நின்றாலும், அதுவரை உருவானவை வந்து சேரும். பிழைக்கு முந்தைய நிலையை ஷெல்லில் ஆராய இது பெரிதும் உதவும்.

நோட்புக் கோப்புக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. கோப்பின் பெயர் நோட்புக்குக்குரிய பின்னொட்டில் முடிந்தால், அல்லது ஐபைதானுக்கே உரிய ‘.ஐபிஒய்’ பின்னொட்டில் முடிந்தால், ‘%ரன்’ வேறொரு வழியில் செல்கிறது. அதிலுள்ள நிரல் செல்களை மேலிருந்து கீழாக எடுத்து, நீங்களே ஷெல்லில் தட்டச்சு செய்தது போலவே ஒவ்வொன்றாக இயக்குகிறது. உங்கள் மாறிகள் அதற்குத் தெரியும், அதன் மாறிகள் உங்களுடையவற்றின் மேல் நேரடியாக எழுதப்படும். 0.5 உள்ளே புகுந்தது இந்த வழியாகத்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பைதானில் ஒரு செயற்கூறு, தான் பிறந்த பெயர்வெளியை எப்போதும் தன்னோடு கட்டிக்கொண்டிருக்கும். அதன் உடலில் ‘வரம்பு’ என்று வந்தால், பிறந்த இடத்தில்தான் அதைத் தேடுமே தவிர, அழைக்கப்பட்ட இடத்தில் தேடாது. ஸ்கிரிப்டிலிருந்து வந்த ‘வடிகட்டு’ அந்தத் தனிப் பெயர்வெளியில் பிறந்தது. நீங்கள் ஷெல்லில் மாற்றியதோ நகலாக வந்த ‘வரம்பு’. மூலம் மாறாததால் விடையும் மாறவில்லை. நோட்புக்கிலிருந்து வந்த ‘வடிகட்டு’ ஷெல்லின் பெயர்வெளியிலேயே பிறந்ததால், அங்கே செய்த மாற்றம் அதற்கு உடனே தெரிகிறது. நீங்கள் செய்ததில் தவறு ஏதும் இல்லை. ஐபைதானைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்களையும் இது தடுமாற வைத்திருக்கிறது, என்னையும் சேர்த்து.

அளவீட்டாளர் எழுதியது:

மிகத் தெளிவான விளக்கத்துக்கு நன்றி. அந்தச் செயற்கூற்றின் பெயர்வெளியை நேரடியாகத் திறந்து பார்த்தேன். அதில் ‘வரம்பு’ 0.35 ஆகவும், ஷெல்லில் வேறாகவும் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே மனம் அமைதியடைந்தது.

‘%ரன்’ கட்டளைக்கு ‘மைனஸ் ஐ’ என்றொரு தெரிவு இருப்பதைப் பார்த்தேன். அதைக் கொடுத்தால் ஸ்கிரிப்டும் ஷெல்லின் பெயர்வெளியிலேயே ஓடும் என்று உதவிக் குறிப்பு சொல்கிறது. அப்படியானால் நோட்புக்கின் நடத்தையே ஸ்கிரிப்டுக்கும் வந்துவிடும் அல்லவா? அதை எப்போது பயன்படுத்தலாம்?

முனையப்பயனர் எழுதியது:

ஏறக்குறைய அப்படித்தான். ஷெல்லில் ஏற்கெனவே உள்ள மாறிகளைச் சார்ந்த நிரலை, எழுதித் திருத்திக்கொண்டிருக்கும் கட்டத்தில் சோதிப்பதற்காகவே அந்தத் தெரிவு இருக்கிறது. ஆனால் ‘மைனஸ் ஐ’ கொடுத்து ஓடிய ஸ்கிரிப்ட் சரியாக ஓடியது என்று நான் ஒருபோதும் எண்ணமாட்டேன். அது இந்த ஷெல்லில், இந்த நிமிடத்தில் ஓடியது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

பெருந்தரவுப் பணியாளர் எழுதியது:

இந்த இடத்தில் நான் உடன்படவில்லை. நான் நாள்தோறும் ‘மைனஸ் ஐ’ தெரிவைத்தான் பயன்படுத்துகிறேன், அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. என் அட்டவணையை வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றவே 11 நிமிடம் ஆகும். ஒரு வரியைத் திருத்திவிட்டு மறுபடி பார்க்க ஒவ்வொரு முறையும் 11 நிமிடம் காத்திருந்தால், ஒரு நாளில் நான் சிந்திக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுதியாகிவிடும். ஒரு முறை ஷெல்லில் ஏற்றிவிட்டு, அதன்மேல் வேலை செய்யும் ஸ்கிரிப்டை ‘மைனஸ் ஐ’ கொடுத்து நூறு முறை ஓட்டுகிறேன். ஊடாடும் ஷெல் என்ற ஒன்று இருப்பதன் பயனே இதுதான். தூய பெயர்வெளி வேண்டும் என்பவர்கள் ஷெல்லைத் திறக்கவே தேவையில்லை, முனையத்தில் நேரடியாக ஓட்டிக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கத்தோடு நான் கைக்கொள்ளும் ஒழுங்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், ‘அளவுகள்’ என்ற பெயர் தற்போதைய பெயர்வெளியில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு நிபந்தனை இருக்கும். இல்லாவிட்டால் மட்டும் வட்டிலிருந்து ஏற்றும். இருந்தால், அதன் நெடுவரிசைகள் எதிர்பார்த்தவைதாமா என்று சரிபார்த்த பிறகே மேலே செல்லும். இதனால் அதே கோப்பு வெறும் ‘%ரன்’ கட்டளையிலும் முழுமையாக ஓடும், ‘மைனஸ் ஐ’ தெரிவோடு விரைவாகவும் ஓடும்.

முனையப்பயனர் எழுதியது:

நீங்கள் சொன்ன ஒழுங்கை நான் மதிக்கிறேன். இருந்தாலும் ஒரு நுட்பமான ஓட்டை அதில் மிஞ்சுகிறது. உங்கள் ஸ்கிரிப்ட் அந்த அட்டவணையை இருந்த இடத்திலேயே மாற்றினால், உதாரணமாக ஒரு நெடுவரிசையை 1000ஆல் வகுத்து அதே பெயரில் எழுதினால், இரண்டாம் முறை ஓட்டும்போது ஏற்கெனவே வகுத்த எண்கள் மீண்டும் வகுபடும். நெடுவரிசைப் பெயர்கள் சரியாகவே இருப்பதால் உங்கள் சரிபார்ப்பு அதைப் பிடிக்காது. ஏற்றிய அட்டவணைக்கு ஒரு பெயரும், மாற்றங்களைச் சுமக்கும் நகலுக்கு வேறொரு பெயரும் வைத்து, முதலாவதை எந்த வரியும் தொடாமல் பார்த்துக்கொண்டால் மட்டுமே ‘மைனஸ் ஐ’ எனக்கு ஏற்புடையது.

பெருந்தரவுப் பணியாளர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். நானும் ‘மூல அளவுகள்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறேன். ஆனால் அதை விதியாக எண்ணி வைத்ததில்லை, பழக்கத்தால் அமைந்தது. இனி விதியாகவே கொள்கிறேன்.

மாட்யூல்விரும்பி எழுதியது:

இந்த விவாதத்தில் இதுவரை பேசப்படாத ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். ‘%ரன்’ நீங்கள் பெயர் சொன்ன கோப்பை மட்டுமே ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கிறது. அந்த ஸ்கிரிப்ட் இம்போர்ட் செய்யும் (தனக்குள் எடுத்துக்கொள்ளும்) துணைக் கோப்புகளை, அதாவது மாட்யூல்களை, அது மறுபடி படிப்பதில்லை. பைதான் ஒரு மாட்யூலை முதல் முறை இம்போர்ட் செய்யும்போது அதை நினைவகத்தில் ஒரு பட்டியலில் பதிந்துகொள்கிறது. அடுத்த முறை இம்போர்ட் என்று வந்தால், பட்டியலில் இருப்பதையே எடுத்துத் தருகிறது. ஷெல் திறந்திருக்கும் வரை அந்தப் பட்டியலும் இருக்கும். ஆகவே துணைக் கோப்பைத் திருத்திச் சேமித்துவிட்டு முதன்மை ஸ்கிரிப்டை எத்தனை முறை இயக்கினாலும் பழைய நிரல்தான் ஓடும். திருத்தம் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மாலை முழுவதையும் இப்படி இழந்தவன் நான்.

இதற்கு ஐபைதானோடு வரும் ‘ஆட்டோரீலோட்’ நீட்சி தீர்வு தருகிறது. அதை ஏற்றிவிட்டு நிலை 2 என்று அமைத்தால், ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் மாறிய மாட்யூல்களைத் தானே மறுபடி ஏற்றும். செயற்கூறுகளின் உடலில் செய்த திருத்தங்கள் நல்லபடியாகவே வந்து சேர்கின்றன. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட நீட்சிகளை அதனால் மறுபடி ஏற்ற முடியாது. ஒரு கிளாஸின் (பொருள்களை உருவாக்குவதற்கான அச்சு) தொடக்க முறையில் புதிய பண்பு ஒன்றைச் சேர்த்தால், ஏற்கெனவே உருவாகி நினைவகத்தில் இருக்கும் பொருள்களுக்கு அந்தப் பண்பு வராது, ஏனெனில் அவற்றுக்காகத் தொடக்க முறை மறுபடி ஓடுவதில்லை.

கிளாஸ்களைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சொல்கிறேன். கிளாஸ் வரையறை உள்ள ஸ்கிரிப்டை இரண்டு முறை ‘%ரன்’ செய்தால், அதே பெயரில் இரண்டு வேறு கிளாஸ்கள் பிறக்கின்றன. முதல் ஓட்டத்தில் உருவாக்கி வைத்திருந்த பொருள், இரண்டாம் ஓட்டத்தில் பிறந்த கிளாஸைச் சேர்ந்ததா என்று கேட்டால் ‘இல்லை’ என்றே விடை வரும். அந்தப் பழைய பொருளைப் பிக்கிள் முறையில் வட்டில் சேமிக்க முயன்றால், பெயரால் தேடிக் கிடைக்கும் கிளாஸும் பொருளின் கிளாஸும் ஒன்றல்ல என்று பிழை எழும். பிழைச்செய்தியில் இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும் என்பதால், முதல் முறை பார்ப்பவர் திகைத்துப் போவார். நிலைத்து நிற்க வேண்டிய கிளாஸ்களைத் தனி மாட்யூலில் வைத்து இம்போர்ட் செய்வதே நான் கண்ட வழி. ‘%ரன்’ செய்யும் ஸ்கிரிப்டில் அழைப்புகள் மட்டும் இருந்தால் போதும்.

புதியவர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘%ரன்’ ஓட்டத்தில் ‘நேம்’ மாறி ‘மெயின்’ ஆக இருக்கும் என்றால், கோப்பின் அடியில் நாம் வழக்கமாக எழுதும் ‘மெயின் ஆக இருந்தால் மட்டும் செய்’ என்ற பகுதியும் ஓடிவிடுமா? செயற்கூறுகளை மட்டும் ஷெல்லுக்குக் கொண்டுவர விரும்பினால் என்ன செய்வது?

மாட்யூல்விரும்பி எழுதியது:

ஆம், அந்தப் பகுதியும் ஓடும். அது ஓடக்கூடாது என்றால் ‘மைனஸ் என்’ தெரிவைக் கொடுங்கள். அப்போது அந்த மாறிக்குப் பின்னொட்டு நீங்கிய கோப்பின் பெயரே மதிப்பாக வரும், இம்போர்ட் செய்தது போல. வரையறைகள் ஷெல்லுக்கு வந்து சேரும், அடிப்பகுதி ஓடாது. நோட்புக்கில் இந்தத் தெரிவு பயன்படாது. அது ஷெல்லிலேயே ஓடுவதால் அங்கே மதிப்பு எப்போதும் ‘மெயின்’தான்.

பாதை தேடுபவர் எழுதியது:

பெயர்வெளிக்கு அடுத்தபடியாக என்னை மிகவும் அலைக்கழித்தது கோப்புறைப் பாதைதான். ஷெல் ஒரு கோப்புறையிலும் ஸ்கிரிப்ட் வேறொரு கோப்புறையிலும் இருந்தால் நடப்பது இது: ஓட்டம் நடக்கும் வரை ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையை ‘%ரன்’ இம்போர்ட் தேடும் பாதைகளின் முன்னே சேர்க்கிறது. அதனால் பக்கத்திலுள்ள துணை மாட்யூல்கள் இம்போர்ட் ஆகிவிடும். ஆனால் தரவுக் கோப்பைத் திறக்கும்போது பைதான் பார்ப்பது ஷெல்லின் தற்போதைய கோப்புறையை. இம்போர்ட் வெற்றி பெற்று, அடுத்த வரியிலேயே கோப்பு காணவில்லை என்ற பிழை வருவது இதனால்தான். அதைவிடத் தீமையானது, ஷெல்லின் கோப்புறையில் அதே பெயரில் பழைய தரவுக் கோப்பு ஒன்று இருந்து, பிழையே வராமல் அது படிக்கப்படுவது.

ஸ்கிரிப்டில் இதற்குத் தீர்வு எளிது. ‘ஃபைல்’ என்னும் சிறப்பு மாறியிலிருந்து பாதையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நோட்புக்கில் அதுவும் இடறுகிறது. ‘%ரன்’ மூலம் இயக்கும்போது அந்த மாறி தற்காலிகமாகக் கிடைக்கும். அதே நோட்புக்கை உலாவியில், நோட்புக்குகளை இயக்கும் ஜுப்பிட்டரில் திறந்து செல்லை ஓட்டினால், அந்த மாறியே இல்லை என்று பிழை வரும். ஜுப்பிட்டரில் கர்னலின் (பின்னணியில் நிரலை ஓட்டும் செயல்முறை) கோப்புறை பொதுவாக நோட்புக் இருக்கும் கோப்புறையாகவே இருப்பதால் அங்கே சார்புப் பாதை சரியாக வேலை செய்யும். ‘%ரன்’ மூலம் வேறிடத்திலிருந்து இயக்கினால் அது தவறிவிடும். ஒன்றுக்கு ஏற்பச் சரிசெய்தால் மற்றொன்றில் உடைகிறது. எனவே தரவுக் கோப்புறையின் பாதையை ஒரு சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே, கணினியில் அமைத்து வைக்கும் மதிப்பு) படிக்கும்படி எழுதிவிட்டேன்.

ஆர்க்யுமென்ட்டுகளிலும் இதே வேறுபாடு உண்டு. ஸ்கிரிப்டின் பெயருக்குப் பின்னால் எழுதுபவை, முனையத்தில் கொடுத்தது போலவே நிரலுக்குப் போய்ச் சேரும். நட்சத்திரக் குறி போன்றவை கோப்புப் பெயர்களாக விரியவும் செய்யும். விரியக்கூடாது என்றால் பெரிய எழுத்து ‘ஜி’ தெரிவு இருக்கிறது. நோட்புக்கின் பெயருக்குப் பின்னால் எழுதுபவை எங்கும் போய்ச் சேர்வதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை.

பிழைதேடி எழுதியது:

‘%ரன்’ கட்டளையின் மதிப்பு பெயர்வெளியோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ‘மைனஸ் டி’ கொடுத்தால் ஸ்கிரிப்ட் பைதானின் பிழைத்திருத்தியின் கீழ் ஓடும். ‘மைனஸ் பி’யோடு வரி எண்ணைச் சேர்த்தால் அந்த வரியில் நிற்கும். ‘மைனஸ் டி’ இன்றியும், பிழை நேர்ந்த பிறகு ‘%டீபக்’ என்று தட்டினால், பிழை எழுந்த சட்டகத்துக்குள்ளேயே (அப்போது ஓடிக்கொண்டிருந்த செயற்கூற்றின் நிலை) போய் உள்ளூர் மாறிகளைப் பார்க்க முடியும். நான் பிழைகளைத் தேடும் வேலையில் பாதி இந்த ஒரு கட்டளையால்தான் நடக்கிறது.

நேரம் அளக்கப் பிழைத்திருத்திக்குரிய ‘மைனஸ் டி’யை எழுதிவிடாதீர்கள். தமிழில் இரண்டும் ஒரே எழுத்தாக வருவதால் சொல்கிறேன்: ‘டீபக்’ என்பதன் முதலெழுத்து பிழைத்திருத்திக்கு, ‘டைம்’ என்பதன் முதலெழுத்து நேரத்துக்கு. இரண்டாவதோடு பெரிய எழுத்து ‘என்’ சேர்த்து ஓர் எண்ணைக் கொடுத்தால், அத்தனை முறை ஓட்டி நேரம் சொல்லும். சோதனைத் தொகுப்புகளை இயக்குவோருக்கு ‘மைனஸ் இ’ உதவும். அவை முடிவில் வெளியேறும் கட்டளையை அழைக்கும் வழக்கமுடையவை என்பதால், அதைப் பொருட்படுத்தாமல் விடச் சொல்லும் தெரிவு அது.

எளியஷெல் பயனர் எழுதியது:

ஐபைதான் நிறுவ அனுமதி இல்லாத கணினிகளில் வேலை செய்கிறேன். வெறும் பைதான் ஷெல்லில் இதே வேறுபாடுகள் வேறு உருவில் வருகின்றன. பைதான் 2இல் இருந்த ‘எக்செக்ஃபைல்’ பைதான் 3இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாகக் கோப்பைத் திறந்து படித்து ‘எக்செக்’ செயற்கூற்றுக்குக் கொடுப்பதே பலரின் வழக்கம். அது ஷெல்லின் பெயர்வெளியிலேயே ஓடும், அதாவது மேலே சொன்ன நோட்புக் நடத்தை. பிழை வந்தால் கோப்பின் பெயருக்குப் பதிலாக வெறும் சரம் என்று மட்டுமே காட்டும். முதலில் ‘கம்பைல்’ செயற்கூற்றில் கோப்பின் பெயரையும் கொடுத்து, பிறகு ‘எக்செக்’ செய்தால் பெயர் ஒழுங்காக வரும்.

தூய பெயர்வெளி வேண்டுமானால் அடிப்படை நூலகத்திலேயே ‘ரன்பை’ மாட்யூல் இருக்கிறது. அதில் பாதையைக் கொடுத்து இயக்கினால், உருவான பெயர்கள் ஓர் அகராதியாகத் திரும்பி வரும், எதை ஷெல்லுக்கு எடுப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம். ஒரு எச்சரிக்கை: அப்படி ஓடிய நிரலில் வரையறுத்த செயற்கூறுகளும் கிளாஸ்களும், ஓட்டம் முடிந்த பிறகு சரியாக வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது. அட்டவணை, எண், சரம் போன்ற மதிப்புகளை எடுப்பதற்கு மட்டுமே அதை நான் நம்புகிறேன். ஒரே ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு அதன் மாறிகளோடு ஷெல்லில் தொடர வேண்டுமென்றால், பைதானை ‘மைனஸ் ஐ’ கொடுத்துத் தொடங்குவதே போதுமானது. ‘%ரன்’ கட்டளையின் ‘மைனஸ் ஐ’ தெரிவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இரண்டும் வேறு பொருளுடையவை.

மீள்செயல் ஆர்வலர் எழுதியது:

இழையைத் தொடங்கியவருக்கு நேர்ந்தது அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாக நான் கருதவில்லை. நோட்புக் கோப்பின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. அது ஜேசன் என்னும் உரை வடிவிலான ஒரு கோப்பு. செல்கள் எழுதப்பட்ட வரிசையும், அவை கடைசியாக எந்த வரிசையில் ஓடின என்ற எண்களும் அதில் தனித்தனியே இருக்கின்றன. கீழே உள்ள செல்லை முதலில் ஓட்டலாம், ஓட்டிய செல்லை அழிக்கலாம். அழித்த செல் உருவாக்கிய மாறி கர்னலின் நினைவகத்தில் தொடர்ந்து இருக்கும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வொன்றில், இயக்கிப் பார்க்க எடுத்தவற்றுள் சுமார் 24 விழுக்காடு மட்டுமே பிழையின்றி ஓடின. சேமித்திருந்த அதே முடிவுகளைத் தந்தவை சுமார் 4 விழுக்காடு. நூலகங்களின் பதிப்பு மாற்றம், காணாமற்போன தரவு ஆகியவையும் அதில் அடங்கும் என்றாலும், எண்ணிப் பார்க்க வேண்டிய அளவுதான்.

ஆகவே என் கருத்து இது: நோட்புக்கை ஷெல்லிலிருந்து ‘%ரன்’ செய்வதை, ஒரு நூலகத்தை ஏற்றுவதற்கான வழியாகப் பயன்படுத்தவே கூடாது. நோட்புக் முழுமையாக ஓடுகிறதா என்று அறிய வேண்டுமானால், அதற்கென்று புதிய கர்னலைத் திறந்து ஓட்டும் கருவிகள் இருக்கின்றன. ‘என்பிகன்வர்ட்’ கருவிக்கு இயக்கும் தெரிவைக் கொடுத்தால் புதிய கர்னலில் மேலிருந்து கீழாக ஓட்டி, முடிவுகளோடு சேமிக்கும். ‘பேப்பர்மில்’ கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு செல்லுக்குப் ‘பராமீட்டர்ஸ்’ என்ற குறிச்சொல்லை இட்டு வைத்தால், வெளியிலிருந்து நாம் தரும் மதிப்புகளை அடுத்த செல்லாகச் செருகி ஓட்டி, அதை வேறொரு கோப்பாகச் சேமிக்கும். உங்கள் 0.35 அந்தக் கோப்பிலேயே கண்ணுக்குத் தெரியும்படி பதிந்திருக்கும். ஆர்க்யுமென்ட் போய்ச் சேராத குறைக்கும் இதுவே தீர்வு.

படங்களும் குறிப்புகளும் வேண்டும் என்ற தேவையை நான் மறுக்கவில்லை. ‘ஜுப்பிடெக்ஸ்ட்’ கருவியைப் பயன்படுத்தினால், நோட்புக்கையும் அதற்கு இணையான ஸ்கிரிப்ட் கோப்பையும் சோடியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்டில் செல்களின் எல்லைகள் கருத்துரை வரிகளாக இருக்கும். அந்த ஸ்கிரிப்டை வெறும் ‘%ரன்’ மூலம் இயக்கினால், முனையப்பயனர் சொன்ன தூய பெயர்வெளி தானாகவே கிடைத்துவிடும், விட்டுப்போன மாறி உடனே பிழையாக வெளிப்படும்.

பெருந்தரவுப் பணியாளர் எழுதியது:

‘பேப்பர்மில்’ வேறு கர்னலில் ஓட்டுவதால், அது உருவாக்கும் அட்டவணை என் ஷெல்லுக்கு வராது. அதை வட்டில் எழுதி மறுபடி படிக்க வேண்டும். இதையும் சொல்லிவிட வேண்டும்.

மீள்செயல் ஆர்வலர் எழுதியது:

உண்மை. அந்த எழுத்தும் படிப்பும்தான் எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன என்பதால், அதை நான் இழப்பாகக் கருதுவதில்லை. ஆனால் 11 நிமிட அட்டவணை வைத்திருப்பவருக்கு அது சுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அளவீட்டாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், இதே நிலையில் வருபவருக்கு உதவலாம்.

முதலில், தொடக்கக் கோப்பிலிருந்த மாறிகளை எல்லாம் நீக்கி, இம்போர்ட் வரிகளை மட்டும் விட்டேன். ‘வடிகட்டு’ முதலிய செயற்கூறுகளைத் தனி மாட்யூலுக்கு மாற்றி, ‘வரம்பு’ மதிப்பைப் பெயர்வெளியிலிருந்து எடுக்காமல் ஆர்க்யுமென்ட்டாகவே பெறும்படி திருத்தினேன். இயல்பு மதிப்பு ஒன்றும் வைக்கவில்லை. தராமல் அழைத்தால் பிழை வரட்டும் என்றே விட்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் அந்த மாட்யூலை அழைக்கிறது, நோட்புக்கும் அதையே அழைக்கிறது. நோட்புக்கைப் புதிய கர்னலில் ஓட்டிப் பார்த்தபோது, நான் அறியாத இன்னும் இரண்டு இடங்கள் வெளிப்பட்டன. ஒரு செல் தனக்குக் கீழே உள்ள செல்லின் மாறியைப் பயன்படுத்தியிருந்தது. செல்களின் பக்கத்தில் 7, 41, 12 என்று எண்கள் இருந்ததை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவை என்ன சொல்கின்றன என்று கேட்டுப் பார்த்ததில்லை. மற்றோர் இடத்தில் அலகு மாற்றம் இரண்டு முறை நடந்துகொண்டிருந்தது. முனையப்பயனர் 1000ஆல் வகுப்பதைப் பற்றிச் சொன்ன அதே வகைப் பிழை.

ஒரு சிறு ஐயம் மட்டும் மிச்சம். சில நேரம் விரைவாகப் பார்ப்பதற்காக நோட்புக்கை இன்னும் ஷெல்லிலிருந்தே ‘%ரன்’ செய்கிறேன். செல்லின் கடைசி வரியில் அட்டவணையின் பெயரை மட்டும் எழுதினால் ஜுப்பிட்டரில் அட்டவணை தெரிகிறது, ‘%ரன்’ ஓட்டத்தில் எதுவும் தெரிவதில்லை. ‘பிரின்ட்’ செய்தவை மட்டும் வருகின்றன. இதுவும் பெயர்வெளி தொடர்பானதா?

முனையப்பயனர் எழுதியது:

இல்லை, இது வேறு. ‘%ரன்’ நோட்புக்கின் செல்களை அமைதி நிலையில் இயக்குகிறது. அந்த நிலையில் கடைசி வரியின் மதிப்பைத் தானாகக் காட்டும் ஏற்பாடு நிறுத்தப்பட்டிருக்கும், கட்டளை வரலாற்றிலும் அந்தச் செல்கள் பதியப்படுவதில்லை. தெரிய வேண்டிய அட்டவணையை ‘டிஸ்ப்ளே’ செயற்கூற்றுக்குக் கொடுங்கள், இரண்டு இடங்களிலும் தெரியும். ஏதேனும் ஒரு செல்லில் பிழை நேர்ந்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். அதற்கு முந்தைய செல்கள் உங்கள் ஷெல்லில் செய்த மாற்றங்கள் அப்படியே இருக்கும் என்பதால், அதன் பிறகு அந்த ஷெல்லிலேயே தொடராமல் புதிய ஷெல்லைத் திறந்துகொள்ளுங்கள்.